பட்டகோனியாவில் டிரவுட், அசாதோ, மால்பெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினாவின் தென்பகுதியான பட்டகோனியாவில், நெவ்கென் மாகாணத்தில் ஹூனின் தே லோஸ் ஆந்தெஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இரண்டு முறை மீன் பிடிக்கப் போய்வந்தேன். போய்வந்ததிலிருந்து நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மீன் பிடிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

மீனுக்காக மட்டும் என்றால் வேண்டியதில்லை. டிரவுட் மீன் உலகத்தில் பல இடங்களில் கிடைக்கிறது. ஆனால் நல்ல ஆறு, விறகுத் தணலில் வெந்த மாட்டிறைச்சி, அந்த மண்ணிலேயே விளைந்த ஒயின் மூன்றும் அன்றாட வாழ்க்கையாகவே ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். ஹூனினில் உங்களை ஆற்றுக்குக் கூட்டிப் போகும் வழிகாட்டியே மதியம் கரையில் தீ மூட்டி இறைச்சி சுடுவார். சுற்றுலாப் பயணிக்காக அவர் அப்படிச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலும் அவர் அதைத்தான் செய்கிறார்.

இன்னொரு விஷயம், டிரவுட் அந்த ஊர் மீனே இல்லை. 1904ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து நவெல் வாப்பி ஏரிப் பக்கம் விட்டார்கள். வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. குளிர்ந்த தெளிந்த நீரும் நிறைய இரையும் இருந்ததால் அவை காட்டு மீனாகவே பெருகிவிட்டன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் நீலகிரியிலும் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் இன்றும் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அங்கே ஓடையில் டிரவுட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் பட்டகோனியாவில் அதே மீனை மூன்று மடங்கு பருமனில் பார்க்கும்போது கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள்.

எந்த ஊரில் தங்குவது?

ஹூனின் தே லோஸ் ஆந்தெஸ். டிரவுட்டின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. சிமெஹுயின் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது. மாஷேயோ, அலுமினே, கொஷோன் குரா ஆகிய ஆறுகளுக்குக் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே லானின் எரிமலை, 3,700 மீட்டருக்கு மேல், உச்சியில் பனியோடு நிற்கிறது. சான் மார்ட்டின் தே லோஸ் ஆந்தெஸ் இதைவிட அழகான, வசதியான ஊர். ஏரிக்கரையில் இருக்கிறது, கடைகளும் அதிகம். குடும்பத்தோடு போனால் அங்கே தங்குங்கள். மீனுக்காகப் போகிறீர்கள் என்றால் ஹூனின்தான்.

நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்று: ஒரே ஊரில் தங்குங்கள். முதல் பயணத்தில் ஒரு பயண ஏற்பாட்டாளர் எனக்கு ஏழு நாளில் மூன்று ஊர், ஐந்து ஆறு, இரண்டு ஒயின் பண்ணை என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். காகிதத்தில் பார்க்க அருமையாக இருந்தது. போன பிறகுதான் விளங்கியது. மீன் நன்றாக மேலெழும் மாலை நேரத்தில் நான் ஒவ்வொரு நாளும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். அசாதோ என்கிற தணல் இறைச்சி வேகும் முன்பே கிளம்பச் சொன்னார்கள். இரண்டாவது முறை ஹூனினிலேயே எட்டு இரவு இருந்தேன். ஒரே ஆற்றின் ஒரே வளைவுக்கு மூன்று மாலை போனேன். மூன்றாவது மாலையில்தான் அந்த இடம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

எந்த மாதம் போகலாம்?

அங்கே கோடை என்பது நமக்கு மார்கழி, தை. டிரவுட் பருவம் நவம்பர் 1ஆம் தேதி வாக்கில் திறந்து மே தொடக்கம் வரை போகும். சில இடங்களில் இன்னும் சில வாரம் நீளும்.

நவம்பரில் பனி உருகி ஆறு நிரம்பி ஓடும். நீர் வேகம் அதிகம், இறங்கி நடப்பது கடினம். டிசம்பரில் பூச்சிகள் நன்றாகப் பறக்கத் தொடங்கும். ஜனவரியில் வெயில், கூட்டம், அப்புறம் தாபானோ என்கிற பெரிய குதிரை ஈ. கருப்பும் அடர்நீலமுமான உடையைத் தேடிவந்து மொய்க்கும், கடித்தால் வலிக்கும். வெளிர் நிற உடை போதும், பாதித் தொல்லை குறையும். பிப்ரவரியில் நீர் வடிந்து தெளிந்துவிடும். தூண்டில் நூலில் கட்டி மேலே மிதக்கவிடும் பொய்ப் பூச்சியை மீன் வந்து கவ்வுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மாதம்தான் ஹூனினில் புவெஸ்தேரோ என்கிற மேய்ப்பர்களுக்கான தேசிய விழாவும் நடக்கிறது. குதிரை, பாட்டு, வரிசையாகத் தீக்குழி என்று ஊரே புகைந்துகொண்டிருக்கும்.

என் தேர்வு மார்ச் பிற்பாதி. பெரிய பழுப்பு டிரவுட்கள் முட்டையிடும் காலத்தை ஒட்டி ஏரிகளிலிருந்து ஆற்றுக்குள் நகரத் தொடங்கும். மலைச்சரிவில் லெங்கா, ஞீரே என்ற மரங்கள் சிவக்க ஆரம்பிக்கும். கீழே நெவ்கென் சமவெளியில் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருக்கும். மீனும் ஒயினும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி ஆடை கட்டாயம்.

எப்படிப் போய்ச் சேர்வது?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா, ஐரோப்பா அல்லது ஆப்பிரிக்கா வழியாக புவெனஸ் ஐரெஸ் போக ஒன்றரை நாள் வரை ஆகும். பன்னாட்டு விமானங்கள் பெரும்பாலும் எசேய்சா நிலையத்தில் இறங்கும். உள்நாட்டு விமானங்கள் பல ஊருக்குள் இருக்கும் ஆயிரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் இடையே ஊரைக் கடக்க வேண்டும், அதனால் அன்றே தொடர் விமானம் பிடிக்காதீர்கள். ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

அங்கிருந்து இரண்டு வழி. நேராக சப்பெல்கோ விமான நிலையத்துக்குப் பறந்தால் அரை மணி நேரத்தில் ஹூனினில் இருக்கலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. நெவ்கென் நகரத்துக்குப் பறந்து, ஒருநாள் ஒயின் பண்ணைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காரில் 237ஆம் எண் தேசிய சாலை வழியாக மேற்கே மலையை நோக்கிப் போவது. சுமார் 400 கிலோமீட்டர். வழியில் எல் சொகோன் என்ற சிற்றூரில் ஜிகனோட்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு இருக்கும் அருங்காட்சியகம். 1993ல் அந்தப் பகுதியில் தோண்டி எடுத்தது. மரமே இல்லாத வறண்ட பொட்டலில் மணிக்கணக்காகப் போய், கொஷோன் குரா பாலத்தில் திடீரென்று பச்சைத் தண்ணீரைப் பார்க்கும்போது மனசு துள்ளும். விமானத்தில் போனால் அது கிடைக்காது.

விசா, தடுப்பூசி?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. செல்லத்தக்க அமெரிக்க சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 2025ல் சலுகை அறிவித்தார்கள். டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். பட்டகோனியாவில் அந்த நோய் கிடையாது. ஆனால் அர்ஜென்டினாவின் வடகிழக்கில் உண்டு, அதனால் அந்த நாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் இந்தியா சான்று கேட்கிறது. இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்கலாம். கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வையுங்கள்.

உரிமம் வேண்டுமா? விதிகள் கடுமையா?

வேண்டும். பட்டகோனிய மாகாணங்களும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து பொதுவான மீன்பிடி விதிகளை வைத்திருக்கின்றன. நாள், வாரம், பருவம் என்று உரிமம் கிடைக்கும், இணையத்திலேயே வாங்கலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். ஆற்றங்கரையில் கார்டப்பெஸ்கா என்கிற காவலர் வந்து கேட்பார், கையில் இருக்க வேண்டும்.

கொக்கி முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முள்ளை மழுக்கியிருக்க வேண்டும். பெரும்பாலான நல்ல இடங்களில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். சில பகுதிகளில் ஃபிளை ஃபிஷிங், அதாவது பொய்ப் பூச்சியை வீசிப் பிடிப்பது, தவிர வேறு முறைக்கே இடமில்லை. ஹுவெச்சுலாஃப்கென் ஏரியிலிருந்து சிமெஹுயின் பிறக்கும் வாய்ப்பகுதி அப்படி ஒன்று. லா போக்கா என்றே சொல்வார்கள். 1950களில் ஜோ புரூக்ஸ் என்ற அமெரிக்க மீன்பிடி எழுத்தாளர் வந்து எழுதிய பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த இடம். காற்று முகத்தில் அறையும், அலை இடுப்பைத் தள்ளும். ஆனாலும் ஆள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.

ஆறு பொதுச்சொத்து. ஆனால் ஆற்றுக்குப் போகும் வழி பல இடங்களில் எஸ்தான்சியா என்கிற தனியார் பண்ணைக்குள்ளோ மபுச்சே பழங்குடி மக்களின் நிலத்திலோ இருக்கும். கேட்காமல் வேலியைத் திறக்காதீர்கள். வழிகாட்டி வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

எனக்கு ஃபிளை ஃபிஷிங் தெரியாது. போகலாமா?

போகலாம். ஃபிளை ஃபிஷிங் என்றால் இறகும் மயிரும் நூலும் கட்டிய பொய்ப் பூச்சியை, கனமான நூலின் எடையைக் கொண்டே வீசுவது. தூண்டில் முனையில் ஈயக்குண்டு கிடையாது. அதனால் கை வீச்சு பழக வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு தூண்டில் கோல் வாங்கி மொட்டை மாடியிலோ மைதானத்திலோ தினம் 15 நிமிடம் வீசிப் பழகுங்கள். நூல் முனையில் கொக்கிக்குப் பதில் ஒரு சிறு நூல் குஞ்சம் கட்டிக்கொண்டால் போதும். 10 மீட்டர் நேராக வீச வந்துவிட்டால் அங்கே மீன் பிடிக்கலாம்.

முதல்முறை போகிறவர்கள் முதல் இரண்டு நாள் படகில் போங்கள். ஃப்ளொத்தாதா என்பார்கள். காற்றடைத்த ரப்பர் படகில் வழிகாட்டி துடுப்புப் போட, நீங்கள் முன்னால் உட்கார்ந்து கரையோரம் வீசிக்கொண்டே போவீர்கள். அலுமினேயும் கொஷோன் குராவும் அதற்கு ஏற்றவை. மாஷேயோ இறங்கி நடந்து பிடிக்கும் ஆறு, பொறுமை கேட்கும்.

ஒருநாள் எப்படிப் போகும்?

காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புவார்கள். நம்மவர்கள் நாலு மணிக்கே எழுந்து தயாராகி நிற்பார்கள், தேவையில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மீன் சோம்பலாகவே இருக்கும். பகல் ஒரு மணி வரை பிடிப்பு. அப்புறம் வில்லோ மர நிழலில் மதிய உணவு, ஓய்வு. மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை மறுபடி. கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

மாஷேயோவில் ஒரு மாலை. காற்று நின்றிருந்தது. எதிர்க்கரை வில்லோக் கிளைக்கு அடியில் தண்ணீரில் ஒரு சிறு வட்டம் விரிந்தது. மழைத்துளி விழுந்தது போலத்தான் இருந்தது. வழிகாட்டி என் தோளைத் தொட்டு, சும்மா இரு என்று கையால் காட்டினார். அரை நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு வட்டம். விரல் நகத்தைவிடச் சின்னப் பூச்சி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். முதல் வீச்சு குட்டையாகப் போனது. இரண்டாவது கிளையில் மாட்டி, நல்லவேளை தானாகவே கழன்றது. மூன்றாவது வீச்சில் பூச்சி மிதந்து வந்த இடத்தில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். நூல் இறுகியது. பத்து நிமிடம் கழித்து வலைக்குள் கிடந்தது ஒரு பழுப்பு டிரவுட். முதுகு வெண்ணெய்க் காப்பி நிறம், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நீலச் சாயலில் ஒரு வளையம். கையை நனைத்துக்கொண்டு, தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருந்தேன். செவுள் நான்கைந்து முறை திறந்து மூடியது, வாலால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டது.

பிடித்த மீனைச் சமைத்துச் சாப்பிட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. சில ஏரிகளிலும் சில பகுதிகளிலும் எண்ணிக்கை வரம்போடு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. உரிமத்தோடு வரும் விதிப்பட்டியலில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனியாகப் போட்டிருக்கும்.

டிரவுட் சாப்பிட ஆசை என்றால் உணவகத்தில் கேளுங்கள். அது லிமாய் ஆற்றின் அலிகூரா அணைநீரில் கூண்டுப் பண்ணை வைத்து வளர்ப்பது போன்ற வளர்ப்பு மீனாக இருக்கும். புகையூட்டிய டிரவுட் ருசியானது, ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம். விடுகிற மீன்தான் ஆற்றைக் காப்பாற்றுகிறது என்பது அங்குள்ளவர்கள் கண்ணால் கண்ட அனுபவம். அதனால்தான் ஆற்றங்கரை மதிய உணவில் மீன் இல்லை, மாடு இருக்கிறது.

அசாதோ என்றால் பார்பிக்யூதானே?

இல்லை. தீச்சுவாலையில் வாட்டுவதும் இல்லை, மசாலாவில் ஊறவைப்பதும் இல்லை. விறகு, தணல், உப்பு, நேரம், இந்த நான்குதான்.

எங்கள் வழிகாட்டி செய்ததை அப்படியே சொல்கிறேன். கரையில் கூழாங்கல் நடுவே ஒரு பக்கமாக விறகை எரித்தார். கம்பி அடுப்பு அதற்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. அதன் பெயர் பார்ரிஷா. விறகு உடைந்து தணலானதும் சிறு மண்வாரியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கம்பிக்கு அடியில் பரப்பினார். கம்பிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி மனசுக்குள் எண்ணினார். ஆறு ஏழு வரை கை தாங்கினால் மெதுவான சூடு, விலா எலும்புக்குச் சரி. மூன்றிலேயே கை எடுக்க வேண்டியிருந்தால் சூடு அதிகம், கொஞ்சம் தணலைத் தள்ளினார். கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கவில்லை, தணலைத்தான் விலக்கினார்.

திரா தே அசாதோ எனப்படும் விலாத் துண்டுகளை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார், மேலே கரடான உப்பு. முக்கால்வாசி நேரம் அது அப்படியே கிடந்தது. புரட்டிப் புரட்டிப் போடுவது அங்கே கத்துக்குட்டியின் அடையாளம். எலும்பு சூடேறி, அந்தச் சூடு மேலே இறைச்சிக்குள் ஏறும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை திருப்பினார். அதற்குள் சோரிசோ தொத்திறைச்சி வெந்துவிட்டது. நடுவே பிளந்து ரொட்டிக்குள் வைத்து நீட்டினார், அதுதான் சோரிபான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றபோதுதான், முதல் பயணத்தில் நான் எதைத் தொலைத்தேன் என்று முழுசாக விளங்கியது.

கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டவருக்குக் கைதட்டல். யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். நீங்களே ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

உணவகத்தில் எதைக் கேட்டு வாங்குவது?

பீஃபே தே சோரிசோ என்பது முதுகுப் பக்கத் தடித்த துண்டு, ஓரத்தில் கொழுப்பு வரியோடு வரும். பெயரில் சோரிசோ இருந்தாலும் தொத்திறைச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓஹோ தே பீஃபே அதைவிட மென்மை. வாசியோ வயிற்றுப் பக்கத் தசை, நார் இருக்கும், மணம் அதிகம். என்ட்ரான்யா உதரவிதானத் தசை, மெலிசு, சீக்கிரம் வெந்துவிடும். என் விருப்பம் என்ட்ரான்யா. குடல் பிடிக்கும் என்றால் சின்ச்சுலீன்ஸ் கேளுங்கள். மொறுமொறுவென்று சுட்டு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நம் ஊர்க் குடல் வறுவல் சாப்பிட்டவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

வேக்காட்டைச் சொல்ல மூன்று சொல் போதும். ஹுகோசோ என்றால் உள்ளே சிவப்பு. ஆ புந்தோ நடுத்தரம். பியேன் கொசீதோ நன்றாக வெந்தது. நம் நாக்கு நன்றாக வெந்ததற்குப் பழகியது, அதையே கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் ஒருமுறையாவது ஆ புந்தோ சாப்பிட்டுப் பாருங்கள். தொட்டுக்கொள்ள சிமிச்சுர்ரி வரும். பார்ஸ்லி, பூண்டு, ஒரிகானோ, வினிகர், எண்ணெய் சேர்ந்தது, காரம் கம்மி. காரம் வேண்டும் என்றால் ஊரிலிருந்து மிளகாய்ப்பொடி சின்ன டப்பாவில் எடுத்துப் போகலாம்.

பட்டகோனியாவில் எலும்போடு கூடிய மாட்டிறைச்சி வடக்கை விட விலை அதிகம். கோமாரி நோய் தடுப்பூசி போடாமலேயே நோயில்லாத பகுதி என்ற தகுதி தெற்குக்கு இருப்பதால், வடக்கிலிருந்து எலும்புக்கறி வருவதற்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. 2025ல்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். சாலைச் சோதனைச் சாவடியில் உங்கள் காரில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்பது இதனால்தான்.

இரவு உணவகங்கள் எட்டரைக்கு முன் திறக்காது. உள்ளூர்க்காரர்கள் பத்து மணிக்கு வருவார்கள்.

கூட வருகிறவர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். என்ன செய்வது?

தெற்கில் ஆட்டுக்குட்டிதான் உண்மையான சிறப்பு. கொர்தேரோ அல் பாலோ என்று முழு ஆட்டைச் சிலுவை வடிவ இரும்பில் கட்டி, தீக்கு அருகே சாய்வாக நட்டு, நாலு மணி நேரம் போல வேகவைப்பார்கள். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் கோழியும் சுடுவார்.

சைவம் என்றால் ப்ரொவொலேத்தா இருக்கிறது. தடித்த பாலாடைக்கட்டித் துண்டை ஒரிகானோ தூவித் தணலில் சுடுவது. சுட்ட குடைமிளகாய், கத்தரிக்காய், சோளத்தை அரைத்துச் செய்யும் ஊமித்தா, கீரை பொதிந்த எம்பனாடா, பாஸ்தா எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே கம்பி அடுப்பில்தான் எல்லாம் வேகும். அது ஒத்துவராதவர்கள் தங்குமிடத்தில் சமையலறை உள்ள அறையாக எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பயறும் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.

எந்த ஒயின்?

மால்பெக்கில் தொடங்குங்கள். பிரான்சிலிருந்து வந்த திராட்சை அது. 1853 ஏப்ரல் 17ஆம் தேதியை ஒட்டித்தான் இன்று உலக மால்பெக் நாள் கொண்டாடுகிறார்கள். அர்ஜென்டினாவின் ஒயின் மாகாணமான மென்டோசாவில் வேளாண் பண்ணை தொடங்க அன்றுதான் முயற்சி எடுக்கப்பட்டது. பிரெஞ்சு வேளாண் வல்லுநர் மிஷேல் பூஜே அதன் வழியே இந்தத் திராட்சையைக் கொண்டுவந்தார். கருஞ்சிவப்பு, பழமணம், நாக்கில் லேசான துவர்ப்பு. கொழுப்புள்ள விலாத் துண்டைக் கடித்த பிறகு ஒரு வாய் குடித்தால் அந்தத் துவர்ப்பு நாக்கைக் கழுவிவிட்டதுபோல இருக்கும். அடுத்த துண்டு முதல் துண்டுபோலவே ருசிக்கும். ஜோடி சேர்ந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

மென்டோசா ஹூனினிலிருந்து வெகுதூரம். ஒரே பயணத்தில் இரண்டையும் திணிக்காதீர்கள். நெவ்கென் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சான் பாத்ரீசியோ தெல் சன்யார் இருக்கிறது. 1990களின் இறுதிவரை வெறும் புதர்க்காடாக இருந்த இடம், இன்று வரிசை வரிசையாகத் திராட்சைத் தோட்டம். ஃபமீலியா ஷ்ரோடர் என்ற ஒயின் பண்ணை கட்டும்போது டைனோசர் எலும்பு கிடைத்தது. அதைக் கீழ்த்தளத்தில் அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கிழக்கே ரியோ நெக்ரோ பள்ளத்தாக்கில் 1909ல் தொடங்கிய உம்பெர்தோ கனாலே இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் 1932ல் நட்ட பழைய கொடிகளிலிருந்து பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் செய்யும் சாக்ரா என்ற பண்ணையும் உண்டு.

பகலில் வெயில், இரவில் குளிர், ஓயாத காற்று. அதனால் தெற்கு ஒயின் மென்டோசாவைவிடக் கொஞ்சம் புளிப்போடும் இலகுவாகவும் இருக்கும். வாசியோவோடு மால்பெக், ஆட்டோடு பினோ நுவார், புகையூட்டிய டிரவுட்டோடு ஏதாவது வெள்ளை ஒயின், இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. சிவப்பு ஒயினில் சோடா கலந்து குடிக்கும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். அது அந்த நாட்டுப் பழைய பழக்கம், நீங்களும் தாராளமாகக் கலக்கலாம்.

குடித்துவிட்டு மீன் பிடிக்கலாமா? கார் ஓட்டலாமா?

கார் ஓட்டவே கூடாது. 2023லிருந்து தேசியச் சட்டப்படி ஓட்டுநர் ரத்தத்தில் மது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு கோப்பையும் குற்றம்தான். இரவு உணவை நடந்துபோகும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹூனின் சின்ன ஊர், எல்லாம் நடக்கும் தூரம்தான்.

ஆற்றில் இறங்கப் போகிறீர்கள் என்றால் மதியம் ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். தண்ணீர் பனி உருகியது, காலடியில் உருளும் கல். மார்பு வரை வரும் நீர்புகா உடைக்கு மேல் இடுப்பு வார் இறுக்கமாக இருக்க வேண்டும், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அதுதான். மிச்ச ஒயின் இரவுக்கு.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஐந்து அல்லது ஆறாம் எண் கோல் ஒன்று, மிதக்கும் நூல், நீர்ப்பரப்பின் கண்கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காற்றைத் தடுக்கும் மேலாடை. பொய்ப் பூச்சிகளை அங்கேயே வாங்குங்கள், ஊர்க் கடைக்காரருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

காலணியும் நீர்புகா உடையும் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். டிடிமோ என்கிற பாசி பட்டகோனிய ஆறுகளில் பரவிவருகிறது. கல்லின் மேல் பழுப்புக் கம்பளிபோலப் படர்ந்து, பூச்சிகள் வாழும் இடத்தையே மூடிவிடும். ஒரு துளி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போகும். ஒவ்வொரு ஆறு மாறும்போதும் எல்லாவற்றையும் 5 சதவீத உப்புக் கரைசலில் ஒரு நிமிடம் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சமையல் உப்பு. கம்பளி அடிப்பாகம் உள்ள காலணி ஈரத்தைப் பிடித்துவைக்கும், ரப்பர் அடி உள்ளதையே கொண்டுபோங்கள். இதை வழிகாட்டி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். விருந்தாளி வீட்டுக்குள் சேற்றுக் காலோடு நுழைவதில்லை.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்கலாமா?

வழிகாட்டிகளில் பலருக்கு ஆங்கிலம் தெரியும். கடையிலும் பேருந்திலும் தெரியாது. நன்றிக்கு கிராசியாஸ், டிரவுட்டுக்கு த்ரூச்சா, மிக அருமை என்பதற்கு முய் ரீக்கோ. சாப்பாட்டு மேசையில் இந்த மூன்றாவது சொல் பல கதவைத் திறக்கும்.

ஒரு மீனும் சிக்காவிட்டால்?

எனக்கு அப்படி ஒரு முழுநாள் போனது. காற்று மணிக்கணக்காக அடித்தது, நூல் என் காதைச் சுற்றித்தான் வந்தது. வழிகாட்டி நாலு மணிக்கே கோலை மடக்கிவிட்டு, வண்டியைத் தன் அண்ணன் வீட்டுக்குத் திருப்பினார். அங்கே ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஊரில் தங்கியிருந்ததால் மறுநாளும் அதே ஆறு எனக்காக இருந்தது. அதனால்தான் குறைந்தது நாலு முழுநாள் மீனுக்கென்று ஒதுக்குங்கள் என்கிறேன். காற்று ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

பக்கத்தில் சிலிக்கும் போய்வரலாமா?

லானின் எரிமலை ஓரமாக மாமுயில் மலால் கணவாய் இருக்கிறது, அந்தப் பக்கம் சிலியின் புகோன் ஊர். தனி விசா, தனி மீன் உரிமம். இறைச்சி, பழம், தேன் எதையும் சிலி எல்லையில் விடமாட்டார்கள். முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

இறைச்சி எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒயினில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் இந்தியாவுக்குள் அனுமதி உண்டு, அதாவது வழக்கமான புட்டி இரண்டு. ஒரு நெவ்கென் மால்பெக், ஒரு ரியோ நெக்ரோ பினோ நுவார் வாங்குங்கள். துணிக்கு நடுவே நீர்புகா உடையால் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்தால் உடையாது. உடையை முதலில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.